நெடுந்தீவுத் திமிங்கிலத்தில் ஈ மொய்க்காத காரணம்

1. தந்தி

செத்துப்போன சீவன் ஒன்றுக்குக் காவல் போடச் சொல்லித் தந்தி அடித்த அரசாங்கக் கந்தோர் இலங்கையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். எண்பத்து நான்காம் ஆண்டு, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். ஊர்காவற்றுறையில் கடலைப் பார்த்தபடி நின்ற ஓடு கழன்ற கட்டடம் ஒன்றில் கடல் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்று இயங்கியது. பெயர்தான் பெரிது, உள்ளே ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் டொக்டர் குணநாயகம். மற்றவன் நான், ஆய்வுகூட உதவியாளர் அருளப்பு. போத்தல் கழுவுவது, மீன் வயிறு கிழிப்பது, தேத்தண்ணீர் போடுவது மூன்றும் என் பொறுப்பு. மூன்றுக்கும் ஒரே மேசைதான்.

டொக்டர் என்றால் ஊசி போடும் டொக்டர் இல்லை. வெளிநாட்டில் மீன் ஈரலைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆனால் ஒரு நெத்தலியைக்கூட வாயில் வைத்து அறியாதவர். பரம்பரைச் சைவம். மீன் வெட்டிய கையால் நான் போடும் தேத்தண்ணீரை நம்பாமல், தன் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து குடிப்பார். நான் சோப் போட்டுத்தான் கை கழுவுவேன் என்று எத்தனையோ முறை சொல்லியும் பார்த்தேன். பலன் இல்லை.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. கந்தோர்ச் சுவரில் ஒரு உலகப் படம் தொங்கியது. வெளிநாட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் உலகம் முழுக்கக் கரையொதுங்கிய திமிங்கிலங்களின் கொழுப்பைச் சேர்த்து, அதில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். டி.டி.ரி. என்ற பூச்சிமருந்து, பிறகு பி.சி.பி. என்று ஒன்று. இரண்டுக்கும் ஒரே குணம். இலேசில் அழியாது, தண்ணீரில் கரையாது, கொழுப்பைக் கண்டால் போய்க் குந்திக்கொள்ளும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனைத் திமிங்கிலம் தின்ன, எல்லாருடைய பங்கும் கடைசியில் திமிங்கிலத்தின் கொழுப்பில் வந்து சேரும். அவர் அனுப்பும் முடிவுகளைப் பார்த்து டொக்டர் படத்தில் குண்டூசி குத்துவார். ஐரோப்பாப் பக்கம் சிவப்பு. அமெரிக்காப் பக்கமும் சிவப்பு. தென் துருவத்தில் பச்சை. எங்கள் பக்கம் வெறும் நீலக் கடதாசி.

"எல்லாக் கடலுக்கும் ஒரு நிறம் கிடைச்சிட்டுது, அருளப்பு. எங்கடை கடலை மாத்திரம் ஒருத்தரும் பாக்கேல்லை" என்பார். மகளுக்குச் சாதகம் பொருந்தாத தகப்பன் மாதிரி அதைச் சொல்வார்.

அந்த நிலையில்தான் நெடுந்தீவின் ஊர் அதிகாரியான விதானையாரின் தந்தி வந்தது. மேற்குக் கரையில் ஒரு திமிங்கிலம் செத்து ஒதுங்கியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். டொக்டர் கதிரையை விட்டு எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. ஆனால் கடல் அடித்துக்கொண்டிருந்ததால் குறிகட்டுவானிலிருந்து லோஞ்ச் படகு ஓடவில்லை. காற்று எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நாய் தின்றுவிடும், புழு வைத்துவிடும் என்று டொக்டர் நகத்தைக் கடித்தார். பிறகு பதில் தந்தி எழுதினார். நாய், ஈ எதுவும் அண்டாமல் எப்பாடுபட்டாவது பாதுகாக்கவும், வருகிறோம்.

தபாற்கந்தோருக்கு அதைக் கொண்டுபோனவன் நான். பள்ளியில் கூடப் படித்த தந்திக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

2. சுத்தமான பிணம்

காற்று விழுந்ததும் போனோம். என் மனைவி பிறந்த ஊர் நெடுந்தீவு என்பதால் ஜெட்டியிலேயே மச்சான் சூசை காத்து நின்றார். மனைவியின் தமையன். ஒரு வள்ளமும் நாலு பிள்ளைகளும் உள்ள மனிதர். வழியிலேயே என்னை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போய், ஒதுங்கிய அன்றைக்கே தாங்கள் கொஞ்சம் கொழுப்பை வெட்டி எண்ணெய் காய்ச்சிவிட்டதாகவும், டொக்டருக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நானும் சரி என்றேன். வள்ளத்துப் பலகைக்குப் பூசச் சுறா எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குக் கரைக்கு வந்த இத்தனை கொழுப்பைச் சும்மா விட மனம் வருமா? காய்ச்சியது என் மாமியாரின் கிடாரத்தில். கலியாண வீடுகளுக்குச் சோறு அவிக்கும் கிடாரம் அது. அதற்குப் பிறகு அந்தக் கிடாரத்தை நெடுந்தீவில் யாரும் இரவல் கேட்டதில்லை.

விதானையார் தந்தியைக் கண்டதும் எல்லாரையும் கலைத்துவிட்டு, காவலுக்கு ஓவசியர் சின்னத்தம்பியை நிறுத்தியிருந்தார். மலேரியா மருந்து அடிக்கிற வேலையை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம்தான் அவருக்கு ஓய்வு கொடுத்தது, அவர் நுளம்புக்கு ஓய்வு கொடுக்கவில்லை. காக்கிக் காற்சட்டை போட்டு, குடை பிடித்து, திமிங்கிலத்தின் தலைமாட்டில் நின்றார். எங்களைக் கண்டதும் சலூட் அடித்தார்.

டொக்டர் வருகிறார் என்ற செய்தி முந்திப் போயிருந்ததால் முழங்கால் வாதக்காரர், மூலக்காரர், பிள்ளை பால் குடிக்கவில்லை என்று சொன்ன தாய் எல்லாரும் கரையில் வரிசையாக இருந்தார்கள். இவர் மீன் டொக்டர் என்று விளக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஒரு கிழவர், மனிசனைப் பார்க்க ஏலாதவரை எதற்காக டொக்டர் ஆக்கினார்கள் என்று கேட்டார். டொக்டரின் காதில் அது விழுந்தது.

திமிங்கிலம் பெட்டி போன்ற தலையும் வாயில் பல்லும் உள்ள இனம். ஒரு வீட்டு நீளம் கிடந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈ இல்லாத பிணத்தை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன். தோல் முழுக்க வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது. மாடு செத்தால் சுண்ணாம்பு போடுவது ஊர் வழக்கம், நெடுந்தீவிலோ கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பஞ்சமே இல்லை. டொக்டர் விரலால் தொட்டுப் பார்த்து, சுண்ணாம்பு பரவாயில்லை, கொழுப்பை ஒன்றும் செய்யாது என்றார். விதானையாரும் தந்தியில் சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று என்று தலையாட்டினார்.

பேராசிரியர் அனுப்பிய அறிவுறுத்தல் பக்கம் பக்கமாக இருந்தது. போத்தலை அசற்றோன் திரவத்தால் கழுவு. பிளாஸ்ரிக் தொடாதே. அலுமினியத் தாளின் மங்கல் பக்கத்தை உள்ளே வை. கைக்குக் கிறீம் பூசியிருக்காதே. சிகரெட் பிடிக்காதே. எல்லாவற்றையும் பைபிள் மாதிரிப் பின்பற்றினோம். திமிங்கிலத்துக்குப் பவுடர் போடாதே என்று மட்டும் எங்கும் இல்லை. அப்படி எழுத வேண்டி வரும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தோன்றும்?

நான் மேலே ஏறிக் கத்தியை இறக்கினேன். வெள்ளைத் தூளுக்குள்ளால்தான் கத்தி கொழுப்புக்குள் போனது.

3. லொக்கு மாலு

மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கிருந்து ரயிலில் கொழும்பு, பிறகு விமானம். அந்தக் காலத்தில் பெட்டியோடு பயணம் செய்கிறவன் குண்டு கொண்டுபோகிறான் என்ற சந்தேகத்தில் பாதி வழியில் நின்றுவிடுவான். எங்கள் பஸ்ஸையும் ஆமியின் காவலரணில், சென்றியில் மறித்தார்கள். எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் பெட்டியைக் கண்டதும் ஒரு ஆமிக்காரப் பெடியன் துவக்கைத் திருப்பினான். எனக்குச் சிங்களம் நாலு சொல் தெரியும். அதில் இரண்டைச் சேர்த்து லொக்கு மாலு, பெரிய மீன், என்றேன். அவன் நம்பவில்லை. போத்தலைத் திறக்கச் சொன்னான். அசற்றோன் போட்டுக் கழுவிய போத்தலைத் திறந்தால் மாதிரி கெட்டுவிடும் என்பதைச் சொல்ல அந்த நாலு சொல்லும் போதாது. மிச்சமாக வெட்டிய துண்டு ஒன்று பேப்பரில் சுற்றிக் கிடந்தது. அதைத் திறந்து அவன் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.

அவன் பின்னால் போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான். முழு பஸ்ஸையும் சோதிக்காமலே விட்டார்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜன்னலோரம் போய் இருக்கச் சொன்னார்கள்.

4. உலகத்தில் முதலிடம்

சில மாதங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. டொக்டர் அதை நின்றபடி வாசித்தார், பிறகு இருந்து வாசித்தார், பிறகு எனக்கு உரத்து வாசித்தார். நெடுந்தீவுத் திமிங்கிலத்தில் இருந்த டி.டி.ரி. பேராசிரியர் அதுவரை அளந்த எந்தக் கடலின் திமிங்கிலத்தையும் விடப் பல மடங்கு. ஐரோப்பாவெல்லாம் எங்களுக்குக் கிட்டவும் நிற்காது. விவசாயத்துக்கு அடிக்கும் மருந்து ஆறுகளால் இறங்கி வட இந்து சமுத்திரத்தில் சேருவதாக இருக்கலாம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். அதைச் சீக்கிரம் அச்சில் போடப் போவதாகவும், வெளிநாட்டில் நடக்கும் மகாநாட்டுக்கு டொக்டர் நேரில் வந்து பேச வேண்டும் என்றும் அழைத்திருந்தார். டொக்டர் படத்தில் சிவப்புக் குண்டூசியைக் குத்தினார். குத்திய வேகத்தில் அது சுவருக்குள் போய்விட்டது. அடுத்த நாளே கோட் தைக்க அளவு கொடுத்தார்.

சந்தோஷத்தைத் தனக்குள் வைத்திருக்க அந்த மனிதரால் ஏலாது. ஒரு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பேச அழைத்திருந்தார்கள். கல்வியின் பெருமையைப் பேசப் போனவர், உலகத்திலேயே அதிக நஞ்சுள்ள திமிங்கிலம் எங்கள் தீவுக் கடலில்தான் கிடைத்தது என்று பேசினார். அந்த உடலில் ஒரு ஈகூட மொய்க்கவில்லை, நஞ்சின் அளவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். சபையில் இருந்த ஒருவர் பேப்பருக்குச் செய்தி எழுதுகிறவர். நெடுந்தீவுக் கடலில் நஞ்சு, ஈயும் அண்டாது என்று வந்தது.

பேப்பர் வந்த கிழமையிலேயே குறிகட்டுவான் ஜெட்டியில் நெடுந்தீவு மீனைக் கையால் தொட ஆள் இல்லை. லொறிக்காரர் எழுவைதீவு மீனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மீன் வேறு கடலில் நீந்துகிறதா என்று கேட்டால் பதில் இல்லை, பேப்பரில் அந்தப் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். கருவாடு போட்டார்கள். கருவாட்டையும் வாங்கவில்லை. மச்சான் சூசை பிடித்த மீனை ஊர் நாய்கள் தின்று கொழுத்தன. பிறகு வள்ளத்தை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, மன்னார்ப் பக்கம் போய் வேறு யாருடைய வள்ளத்திலாவது கூலிக்குப் போகப் போவதாகச் சொல்லி அனுப்பினார். சொந்த வள்ளம் வைத்திருந்தவன் கூலிக்குப் போவது எங்கள் ஊரில் எத்தனை பெரிய தோல்வி என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது.

எனக்கு வீட்டில் சோறும் சம்பலும்தான். மனைவி கோபித்துச் சண்டை பிடிக்கும் இனம் இல்லை. கோப்பையை வைக்கும்போது கொஞ்சம் சத்தம் கேட்கும். உங்கடை கந்தோர் என்ற சொல்லைத் தூஷணம் மாதிரிப் பாவித்தாள். பேப்பரில் வந்ததற்கே இந்தக் கதி என்றால் பேராசிரியர் புத்தகத்தில் அச்சடித்த பிறகு நெடுந்தீவு மீனை யார் வாங்குவான்? டொக்டரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். விஞ்ஞானம் உண்மையைத்தான் சொல்லும், அதற்கு மச்சான் மாமன் இல்லை என்றார். எனக்கு இருக்கிறார்களே என்று நான் சொல்லவில்லை. வேலை வேண்டுமே.

5. ஓவசியரின் முறைப்பாடு

ஒரு நாள் காலமை கந்தோர் வாசலில் காக்கிக் காற்சட்டை தெரிந்தது. ஓவசியர் சின்னத்தம்பி. கையில் மடித்த பேப்பர். லோஞ்சும் பஸ்ஸும் ஏறி நியாயம் கேட்க வந்திருந்தார். டொக்டர் கதிரை கொடுத்தார். கிழவர் அதில் இருக்கவில்லை.

"டொக்குத்தர் ஐயா, ஈ மொய்க்கேல்லை எண்டு பேப்பரிலை போட்டிருக்கு."

"ஓம். அது முக்கியமான ஒரு அவதானிப்பு."

"என்ன அவதானிப்பு? ஈ தானா மொய்க்காமல் விட்டதோ? வெய்யிலுக்கை நிண்டு நான் அடிச்சனான். என்ரை பேர் ஒரு வரியிலையும் இல்லை."

டொக்டரின் கையில் பிளாஸ்க் மூடி இருந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தார்.

"என்னத்தை அடிச்சனீங்கள்?"

"மருந்துதான். டி.டி.ரி. இப்ப வாற சாமான் மாதிரி இல்லை, அந்தக் காலத்து அசல். சேவீசிலை மிஞ்சினதை ஒரு பீப்பாவிலை கவனமா வைச்சிருந்தனான். மூட்டைப்பூச்சிக்கு எண்டு கேட்டவைக்கும் குடுக்கேல்லை. நீங்கள் தந்தி அடிச்சபடியால் முழுப் பீப்பாவையும் போட்டனான்."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும். வாய்க்குள்ளையும்."

நான் மீன் கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பி வந்தபோது டொக்டர் ஓவசியருக்குத் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிளாஸ்கிலிருந்து இன்னொருவர் குடித்ததை நான் கண்டதில்லை. உங்கள் பெயர் கட்டாயம் வரும் என்று சொல்லி வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பினார். கிழவருக்குப் பரம திருப்தி. போகும்போது, அடுத்த முறை ஒதுங்கினால் முன்கூட்டிச் சொல்லுங்கோ, வேறை இடத்திலையும் ஒரு பீப்பா இருக்கு என்றார்.

அவர் போனதும் டொக்டர் உலகப் படத்துக்கு முதுகைக் காட்டி இருந்தார். பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"இது உமக்கும் எனக்கும் அந்தக் கிழவனுக்கும்தான் தெரியும், அருளப்பு."

மறைப்பது, ஒப்புக்கொள்வது என்று அந்தச் சொல்லுக்கு இரண்டு வழியும் இருந்தன. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் தையற்காரனிடம் கோட் முக்கால்வாசி முடிந்திருந்தது. சேர் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போத்தல் கழுவப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், என்ரை மச்சான் பிடிக்கிற மீனை நாய் தின்னுது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நாய்க்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"கொழுத்துப்போய் நிக்குது, சேர்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பவுடர் போடுவதற்கு முந்தி அந்தத் திமிங்கிலத்தில் யாராவது எதையாவது வெட்டி எடுத்தார்களா என்று கேட்டார்.

6. கிடாரத்து எண்ணெய்

மச்சானுக்குக் கொடுத்த வாக்கு அதோடு போயிற்று. எண்ணெய்க் கதையைச் சொன்னேன். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சியது சூசையின் கரையோரக் குடிசையான வாடியில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் தொங்கியது. போய்க் கேட்டபோது சூசை தரமாட்டேன் என்றார். உன்ரை கந்தோர் முதல் எடுத்துக்கொண்டு போனதாலை வந்த வினை காணாதோ என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் டொக்டரும் அவருடைய வாடியில் வலைக் குவியலின்மேல் இருந்து பவுடர்க் கதையை முதலிலிருந்து சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த மாமியார், ஓவசியர் வளவுப் பக்கமாகப் பார்த்து மண்ணள்ளித் தூற்றினார். கிடாரத்துக்கும் சேர்த்துத்தான் தூற்றினார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் சூசை தகரத்தைக் கழற்றித் தந்தார். மண்ணெண்ணெய் இருந்த தகரம், சோறு அவித்த கிடாரம், வாடிப் புகை. அசற்றோன் போட்டுக் கழுவிய போத்தலில் அதை ஊற்றும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. டொக்டர் கவலைப்படவில்லை. ஊத்தை சேர்ந்தால் கணக்குக் கூடத்தான் செய்யும், இவ்வளவு ஊத்தையோடும் குறைவாக வந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை என்றார்.

அன்றைக்கே பேராசிரியருக்குத் தந்தி போனது. அச்சில் போட வேண்டாம், மாதிரி கெட்டது, தவறு என்னுடையது. தந்தியை இம்முறையும் நான்தான் கொண்டுபோனேன், எண்ணெய்ப் போத்தலும் விமானம் ஏறியது. மகாநாட்டுப் பயணமும் அதோடு முடிந்தது. அதைப் பற்றி அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கோட் மட்டும் வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், நல்ல தையல்.

7. குறிகட்டுவான்

இரண்டாவது முடிவு வரும்வரை சூசையை மன்னாருக்குப் போக விடாமல் மறிப்பதே எனக்கு வேலை. முடிவு வந்தது. டி.டி.ரி. கொஞ்சம்தான். முதல் தடவை வந்த அந்தப் பயங்கரம் அவ்வளவும் பீப்பாவில் இருந்து வந்ததுதான்.

பேப்பர்க்காரருக்குத் திருத்தம் அனுப்பினார் டொக்டர். அவர்கள் போடவில்லை. நஞ்சு இல்லை என்பது ஒரு செய்தியா? அதனால் நேரே ஜெட்டிக்குப் போவோம் என்றார். கொதிக்கும் வெய்யிலில் அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இதை எதற்கு என்று கேட்டேன். வேறு எங்கே போடுவது என்றார்.

சூசையும் இன்னும் சில நெடுந்தீவுக்காரரும் அன்றைக்கு மீனோடு வந்திருந்தார்கள். லொறிக்காரரில் தலையானவர் புங்குடுதீவு நாகேசு. அவர் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். டொக்டர் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து மேலே ஏறினார். ஈ அண்டாமல் பார்க்கச் சொன்னவன் நான், சொன்ன வேலையை ஓவசியர் சின்னத்தம்பி திறமாகச் செய்தார், மருந்தைக் கடல் போடவில்லை, நாங்கள்தான் போட்டோம் என்று சொன்னார். ஓவசியரின் பெயரை இரண்டு தரம் உரத்துச் சொன்னார். "நான் பரிசளிப்பிலை சொன்னது பிழை. அதாலை உங்கடை மீன் நாறிப்போச்சு. அதுக்கு நான்தான் பொறுப்பு."

படித்த மனிதர் ஒருவர் சந்தை நடுவில் நின்று பிழை என்று சொன்னதை அதற்கு முன் அங்கே யாரும் கேட்டதில்லை. பிறகு பின்னால் நின்ற ஒருவன், அப்ப நீங்கள் ஒரு துண்டு தின்னுங்கோ பாப்பம் என்றான்.

டொக்டர் கோட் பொத்தானைப் பிடித்தார்.

"நான் சைவம். பிறந்ததிலை இருந்து தின்னேல்லை. இண்டைக்கும் தின்னமாட்டன்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சனம் சிரித்தது. சூசை தன் பெட்டியை மூட ஓலையை எடுத்துவிட்டார். அப்போது நாகேசு வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னுக்கு வந்தார்.

"மீன் தின்னுற மனிசன் மீன் நல்லது எண்டு சொன்னால் நான் நம்பமாட்டன், அவனுக்கு அதிலை ருசி இருக்கு. இந்தாள் தின்னாத ஆள். வேகுற வெய்யிலுக்கை கோட்டும் போட்டு வந்து மீனுக்காகக் கதைக்கிறதாலை இவருக்கு என்ன லாபம்?"

சொல்லிவிட்டுச் சூசையின் பெட்டியில் கைவைத்து விளைமீன் ஒன்றின் செவுளைத் திறந்து பார்த்தார். பிறகு லொறிக்குக் கை காட்டினார். என் மச்சான் முகத்தைத் துடைக்கிற மாதிரி சால்வையை முகத்தில் வைத்தவர், அதை எடுக்க வெகுநேரம் ஆனது.

8. மிச்சம்

மீன் ஏறியபிறகு ஜெட்டித் தேத்தண்ணிக் கடையில் மூன்று பேரும் இருந்தோம். டொக்டர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தார். அங்கே போட்ட தேத்தண்ணீரையே குடித்தார், கழுவாத கிளாசில். சூசைக்கு நல்ல மனநிலை. அப்ப எண்ணெயிலை ஒண்டும் இல்லைத்தானே என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்போம். டொக்டர், இருக்கு என்றார். டி.டி.ரி. கொஞ்சம், அது எங்கடை தோட்டத்து மருந்தாயும் இருக்கலாம், இந்தியாக் கரையாலை வந்ததாயும் இருக்கலாம், தின்னுறவைக்கு ஒண்டும் செய்யாத அளவு. பிறகு பி.சி.பி. என்று ஒன்று, அதுவும் கொஞ்சம். அது என்ன என்று சூசை கேட்டார். மின்சார ரான்ஸ்போமருக்குள்ளே விடுகிற எண்ணெய், பெரிய பெரிய தொழிற்சாலைகளில் பாவிக்கிறது, பெரும்பாலும் பணக்கார நாடுகளில் செய்தது, மனிதன் செய்யாமல் கடலில் தானாக வராது என்று டொக்டர் விளக்கினார். கொழுப்பிலே ஏறினால் லேசில் வெளியே போகாது, தாய்த் திமிங்கிலம் பால் கொடுக்கும்போது குட்டிக்குப் போகும், அதுவும் தலைப்பிள்ளைக்குத்தான் கூடப் போகும் என்றார்.

நெடுந்தீவில் ரான்ஸ்போமர் என்ற சாமானை அப்போது யாரும் கண்ணால் கண்டது கிடையாது. விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற ஊர். சூசை கிளாசைக் கீழே வைத்தார்.

"எங்கடை பவுடர் எண்டு நினைச்சு எங்கடை மீனை ஒருத்தரும் வாங்கேல்லை. சரி, போட்டது நாங்கள்தானே. இது ஆற்றை?"

இது யாருடையது என்று கேட்கிறார். டொக்டர் கோட்டை எடுத்து மடியில் வைத்தார்.

"ஆற்றையோ ஒண்டுதானே, சேர். அவையின்ரை மீனை ஆரும் வாங்காமல் விட்டவையோ?"

டொக்டர் அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினார். நல்ல மனிதர், மூன்று பக்கம் பதில் எழுதினார். இரண்டாவது மாதிரியை எடுத்த முறையைப் பாராட்டியிருந்தார். ஓவசியரைப் பற்றி விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தார். சூசையின் கேள்விக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

தொண்ணூறில் போரால் தீவுகளை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது கந்தோரும் போனது, படமும் போனது. நான் பிறகு வேறு ஆய்வுகூடங்களில் இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக மாதிரி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கத்தியை வைக்க முதல், இதை யார் தொட்டது, என்ன போட்டது என்று ஊரில் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், பெருமைப்பட்டுச் சொல்ல ஆள் இருக்கும். பிறகு முடிவு வரும். பெரிய எண் வந்தால் யார் போட்டது என்று உலகமே கேட்கும், விசாரிக்கும், மீனையும் வாங்காமல் விடும். சின்ன எண் வந்தால் பரவாயில்லை என்று கடதாசியை மடித்து வைத்துவிடுவார்கள். மடித்து வைக்க முதல் அதற்கும் கேளுங்கள், இது ஆற்றை என்று.